தாயை யார் கேட்டார்கள்?

மூன்று வாரத்துக்கு முன்னால் முத்தியால்பேட்டையில் ஒரு தொட்டில் போடும் விசேஷத்துக்குப் போயிருந்தோம். என் மனைவியின் அக்கா பேத்திக்கு ஆண் குழந்தை பிறந்து 16ஆம் நாள். கூடம் நிறையக் கூட்டம். வந்தவர்கள் எல்லோரும் குழந்தையைப் பார்த்தார்கள், யார் ஜாடை என்று வாதம் பண்ணினார்கள், பிஞ்சுக் கையில் ரூபாய் நோட்டை வைத்தார்கள், சாப்பிட்டார்கள். நானும் அதைத்தான் செய்தேன். கை கழுவப் பின்கட்டுக்குப் போகும்போது பார்த்தால், அந்தப் பெண் உள் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, கண் நிறையத் தண்ணீர். பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மாள் அவள் முதுகைத் தட்டி, "பச்சை ஒடம்புக்காரி அழக்கூடாதுடி. பால் கெட்டுப் போயிடும், புள்ளைக்குத்தான் ஆவாது" என்றாள்.

நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் எனக்குச் சாப்பிட்டது உள்ளே இறங்கவில்லை. அதே வார்த்தையை 1977இல் பாகூரில் நான் என் வாயால் சொல்லியிருக்கிறேன். சொன்னது என் மனைவியிடம்.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க, எம் பேரு மட்டும் வேணாம்" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, "கெணத்தடியையும் எழுதுங்க" என்றாள்.

எங்கள் முதல் பெண் 1977 ஐப்பசியில் பிறந்தாள். வழக்கம்போல மாமியார் வீட்டில் பிரசவம். நான் புதுச்சேரியில் ஒண்டிக்கட்டை, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து பாகூர் போவேன். அப்பனுக்கு லீவு என்ற பேச்சே அப்போது சர்க்காரில் கிடையாது. போனால் மாமியார் கவனிப்பில் குறை சொல்ல முடியாது. பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிக் கொடுப்பார்கள், பால் ஊற சுறாப்புட்டு, காரம் குறைத்த மிளகுக் குழம்பு, பிரசவ லேகியம், வெந்நீர் ஒத்தடம், வயிற்றைச் சுற்றி இறுக்கிய துணி. உடம்பில் ஓர் அங்குலம் விடாமல் கவனித்தார்கள். உள்ளே ஒரு மனசு இருக்கிறது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

மூன்றாவதோ நான்காவதோ ஞாயிறு. குழந்தை தூங்குகிறது. அவள் தூங்கவில்லை. "நீயும் கொஞ்சம் படுத்துக்கோயேன்" என்றேன். "அது தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரலைங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, குரலே எழும்பாமல், "இந்தப் புள்ளையப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோணலைங்க. யார் வூட்டுப் புள்ளையோ மாதிரி இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நான் வெளியே மாமனார் காதில் விழுந்துவிடுமோ என்று எட்டிப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அந்தப் பச்சை உடம்பு வாக்கியத்தைச் சொன்னேன். அதோடு நிறுத்தினேனா? "உலகத்துல நீ மட்டும்தான் புள்ள பெத்தியா" என்றும் கேட்டேன்.

அதற்கப்புறம் அவள் என்னிடம் எதையும் சொல்லவில்லை. நான் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மாமியார், காத்துக் கருப்பு ஏதாவது அண்டியிருக்கும் என்று வேப்பிலை அடிக்க வைத்தார்களாம். ஒரு நாள் விடியற்காலை மாமனார் எழுந்து கொல்லைப்புறம் போனபோது, இவள் கிணற்று மேடையில் நின்றுகொண்டிருக்கிறாள். "என்னாம்மா?" என்று கேட்டிருக்கிறார். "தண்ணி சேந்த வந்தேம்ப்பா." கையில் வாளியும் இல்லை, ராட்டினத்தில் கயிறும் இல்லை. அவர் ஒன்றும் பேசாமல் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்துவிட்டார். அன்றே கிணற்றுக்கு மேல் பலகை போட்டு மூடினார். எனக்கு இது தெரிந்தது ஆறேழு வருஷம் கழித்து, அதுவும் மாமனார் வாயால்தான்.

அவளை மீட்டது நாங்கள் யாருமில்லை. பக்கத்து வீட்டில் ரிட்டையர் ஆன நர்ஸம்மா ஒருவர் இருந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு வருவார். குழந்தையை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு, "நீ போய்ப் படு, நான் ஆறு மணி வரைக்கும் இருக்கேன்" என்பார். சில நாள் கழித்து அவரே கேட்டிருக்கிறார்: "செத்துடலாம்னு தோணுதா?" என் மனைவி சொல்வாள், "அந்தக் கேள்வியக் கேட்டதும் எனக்குப் பயம் வரல, நெஞ்சுல வச்ச அம்மிய எடுத்த மாதிரி இருந்துச்சு" என்று. நர்ஸம்மாதான் டாக்டரிடம் கூட்டிப்போனார். சில மாதம் மாத்திரை. அடுத்த வருஷம் ஆனியில்தான் அவள் குழந்தையைக் கொஞ்சி நான் முதல்முதலாகப் பார்த்தேன்.

இப்போது படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பிரசவத்துக்குப் பின் இரண்டாம் மூன்றாம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவதும் எரிச்சல் வருவதும் பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். போகாமல் தங்கினாலோ, சில வாரம் கழித்துப் புதிதாக ஆரம்பித்தாலோ அது மனச்சோர்வு நோய். தூக்கமின்மை, குழந்தையிடம் ஒட்டாமை, நான் தகுதியில்லாதவள் என்ற எண்ணம், சிலருக்குக் குழந்தைக்கு ஏதோ ஆகிவிடும் என்ற ஓயாத பயம். மூன்றாவது ஒன்று இருக்கிறது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே புத்தி தடுமாறி, இல்லாத குரல் கேட்டு, சம்பந்தமில்லாமல் பேசுவார்கள். நம் பாட்டிமார் பிரசவ ஜன்னி என்றார்களே, அவர்கள் பார்த்ததில் இதுவும் இருந்திருக்கும். இது வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நாள் பார்க்கக்கூடாது.

எத்தனை பேருக்கு? நம்மைப் போலவே வேறொரு ஐரோப்பியக் கொடியின் கீழ் இருந்த கோவாவில் 2002இல் வெளியான ஓர் ஆய்வு, பிரசவமான 6 முதல் 8 வாரத்தில் நூற்றுக்கு 23 தாய்மாருக்கு மனச்சோர்வு இருந்ததாகச் சொல்கிறது. இந்திய ஆய்வுகளை எல்லாம் தொகுத்து 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த கட்டுரை நூற்றுக்கு 22 என்கிறது. ஐந்தில் ஒருத்தி. அந்தத் தொட்டில் விசேஷத்தில் பிள்ளை பெற்ற பெண்கள் ஐம்பது பேராவது இருந்திருப்பார்கள். எத்தனை பேர் எத்தனை கிணற்றடியை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறார்களோ. கோவா ஆய்வு கண்ட காரணங்களும் நமக்குப் புதிதில்லை. வறுமை, புருஷனின் அடி உதை, ஆண் பிள்ளை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். லா ஃபோந்தேன் கதைப் பாட்டும் ஸேன் நதியின் கிளைகளும் மனப்பாடம். ஆனால் லூயி-விக்தோர் மார்ஸே என்ற பெயரை அறுபது வயதுக்கு மேல்தான் கேள்விப்பட்டேன். பிரான்சில் 1828இல் பிறந்து 1864இல் சின்ன வயதிலேயே இறந்துபோன டாக்டர். 1858இல் பிரசவத்தை ஒட்டி வரும் மனநோய் பற்றி மட்டுமே ஒரு தனிப் புத்தகம் எழுதினார். தலைப்பிலேயே கர்ப்பிணிகள், புதிதாகப் பிள்ளை பெற்றவர்கள், பால் கொடுப்பவர்கள் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார். புதிதாகப் பெற்றவளைக் குறிக்க அந்த மொழியில் தனியாக ஒரு சொல் இருக்கிறது. நம்மிடமும் பச்சை உடம்புக்காரி என்று அதைவிட அழகான சொல் இருக்கிறது. உடம்போடு நிறுத்திக்கொண்டோம் என்பதுதான் என் வருத்தம். மார்ஸேக்கும் இருபது வருஷம் முன்னால் எஸ்கிரோல் என்பவர், இந்த நோய் ஆஸ்பத்திரிக் கணக்கில் தெரிவதைவிட அதிகம், வீட்டுக்குள்ளேயே மறைந்துபோகிறது என்று எழுதிவிட்டார். பாகூருக்கு அந்தச் செய்தி 1977 வரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் பட்டும் நான் திருந்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1984 வாக்கில் ஓர் அலுவலகத்தில் எஸ்டாபிளிஷ்மென்ட் செக்‌ஷனில் இருந்தேன். லீவு ஃபைல் எல்லாம் என் மேஜையில். அப்போது பிரசவ லீவு 90 நாள். (1997இல்தான் 135 ஆகி, அப்பாவுக்கும் 15 நாள் வந்தது. 180 ஆனது 2008இல்.) டைப்பிஸ்ட் பெண் ஒருத்தி 90 நாள் முடிந்து வந்தாள். ஒரு வாரம் வந்தாள். தப்புத் தப்பாக டைப் அடித்தாள், சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவைத் திறக்காமலே மூடி வைத்தாள். பிறகு இன்னும் இரண்டு மாதம் லீவு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில், 'மனசு சரியில்லை' என்று எழுதியிருந்தாள். அப்படியே, தமிழில்.

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். "இதெல்லாம் ஒரு காரணமா? டாக்டர் சர்டிபிகேட் கொண்டாம்மா" என்று திருப்பிக் கொடுத்தேன். இரண்டு நாளில் இடுப்பு வலி என்று சர்டிபிகேட் வந்தது. ஃபைலும் ஒழுங்காகிவிட்டது. உண்மையில் பிரசவ லீவைத் தொடர்ந்து 60 நாள் வரை மெடிக்கல் சர்டிபிகேட் இல்லாமலே லீவு கொடுக்கலாம் என்று விதி 43இலேயே இருந்தது. அந்தப் புத்தகம் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் மேலும் ஒரு தடவை லீவு நீட்டினாள், பிறகு வேலையை ராஜினாமா செய்தாள். ராஜினாமாவைப் புட்டப் செய்ததும் நான்தான். ஒரு பெண் உண்மையை எழுதிக் கொடுத்தாள், அதை வாங்கிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. அவள் இன்று எங்கே இருக்கிறாளோ.

தாய் வீட்டுப் பிரசவமே இதற்கு மருந்து, அந்தக் காலத்தில் இந்த நோயெல்லாம் ஏது என்று நம் வயதுக்காரர்கள் சொல்வதைக் கேட்கிறேன். பாதி ஒப்புக்கொள்கிறேன். தாய் வீட்டில் சமைக்க ஆள் உண்டு, குழந்தையைக் குளிப்பாட்ட ஆள் உண்டு, இரவில் தூக்கிக்கொள்ள ஒரு மடி உண்டு. அது சாதாரண உதவி இல்லை. என் தம்பி மகள் பாரிஸ் பக்கத்தில் இருக்கிறாள். அவளுக்குப் பிரசவமானபோது சாஜ்-ஃபாம், அதாவது மருத்துவச்சி, வீட்டுக்கே வந்து குழந்தையை எடை போட்டுவிட்டு, இவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, உனக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டாளாம். அந்த நாட்டில் 2022 ஜூலையிலிருந்து, பிரசவமான 4 முதல் 8 வாரத்துக்குள் தாயிடம் இப்படி உட்கார்ந்து பேசியே ஆகவேண்டும் என்று சட்டம். ஆனால் அவளே சொன்னாள், "பெரியப்பா, கேக்கறதுக்கு ஆளு இருந்துச்சு, ஒரு ரசம் வச்சுக் குடுக்க ஆளில்ல" என்று. நம் வீடுகளில் ரசம் வைக்க நாலு பேர் இருக்கிறோம். கேட்கத்தான் ஆளில்லை.

அந்த நாலு பேரும் இருப்பது மூன்று மாதம்தான். பிறகு பெண் புருஷன் வீட்டுக்கு வந்து, பகலெல்லாம் குழந்தையோடு தனியாக இருக்கிறாள். நாம் அதை, 'எல்லாம் முடிஞ்சுது, நல்லபடியா அனுப்பியாச்சு' என்கிறோம். நோய் பிரசவத்துக்குப் பின் ஒரு வருஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்கிறார்கள். அனுப்பியாச்சு என்று நாம் கை கழுவும் சமயம் அவளுக்கு ஆரம்பமாகவும் இருக்கலாம்.

சர்க்கார் செய்ய வேண்டியது ஒன்று சொல்வேன், பழைய குமாஸ்தா என்ற முறையில். புதிதாக ஒரு திட்டம், ஒரு கமிட்டி, ஒரு கட்டடம் எதுவும் வேண்டாம். குழந்தைக்கு 6ஆம் வாரம், 10ஆம் வாரம், 14ஆம் வாரம் தடுப்பூசி. பெற்றவள் எப்படியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறாள். அட்டையில் குழந்தையின் எடை எழுத ஒரு கட்டம் இருக்கிறதே, பக்கத்தில் தாய்க்கு ஒரு கட்டம் போட்டால் என்ன? எடின்பரோவில் 1987இல் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் தயாரித்தார்கள். போன 7 நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றியதா என்ற மாதிரி. தமிழிலும் இருக்கிறது. ஐந்து நிமிஷம் கூட ஆகாது. நான் நிரப்பச் சொன்ன படிவங்களை எண்ணிப் பார்த்தால், அவற்றில் முக்கால்வாசியை எடுத்துவிட்டு இந்த ஒன்றை வைக்கலாம்.

இன்னொரு பயம், மனநலப் பிரிவுக்குப் போனால் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்பது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது என்று சொல்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸில் தாயையும் சேயையும் சேர்த்தே வைத்துப் பார்க்கத் தனிப் பிரிவே உண்டு. நமக்கு ஜிப்மரிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் டெலி-மானஸ் 14416. காசு கிடையாது, தமிழில் பேசலாம். பால் கொடுக்கிறவளுக்கு மாத்திரை ஆகாது என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் உண்டு. அது டாக்டர் சொல்ல வேண்டியது.

மற்றதெல்லாம் நம் கையில், கிழவன் கிழவிகள் கையில். தொட்டிலுக்குப் போனால் முதலில் தாயிடம் போகலாம். "பால் இருக்கா?" என்று கேட்காமல் "தூக்கம் வருதா?" என்று கேட்கலாம். அவள் அழுதால் அழட்டும், அழுதால் பால் கெடாது. அவள் ஏதாவது சொன்னால் என்னைப் போல வாசலை எட்டிப் பார்க்க வேண்டாம். செத்துப்போகத் தோன்றுகிறதா என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாம் கிளப்பிவிட்டது போலாகும் என்று பயந்து பலர் கேட்பதில்லை. என் மனைவிக்கு ஆனது நேர்மாறு.

முத்தியால்பேட்டைப் பெண்ணைப் பற்றி முடித்துவிடுகிறேன். 16ஆம் நாள் அழுகை, தானாகப் போய்விடும் வகையாக இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனாலும் மறுவாரம் என் மனைவி போனாள். "ஆயா வந்திருக்கேன், நீ படு" என்று சொல்லிக் குழந்தையை வாங்கிக்கொண்டாளாம். அவள் படுத்தாள், தூங்கவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி போனாள். மூன்றாம் தடவை பாகூர்க் கிணற்றைப் பற்றி அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள், என் பெண்ணிடமே இதுவரை சொல்லாததை. அந்தப் பெண் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்குக் கெணறு இல்ல ஆயா, மொட்டை மாடி" என்றாளாம்.

அன்று சாயங்காலமே அவள் அம்மாவையும் புருஷனையும் உட்கார வைத்துப் பேசினோம். மாடிக் கதவுக்குப் பூட்டு போட்டாயிற்று, அவளைத் தனியாக விடுவதில்லை. மறுநாளே டாக்டரைப் பார்த்து மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். புருஷன் இரவில் இரண்டு தடவை எழுந்துகொள்கிறான், சின்னப் பையன், என்னைவிடத் தேவலை. வரும் புதன்கிழமை குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசி. என் மனைவியும் கூடப் போகிறாள்.